காபா மாத்திரையை விழுங்கினால் மூளைக்குப் போய்ச் சேருமா?

இளவெயினி:
உறக்கமின்றித் தவித்த எனக்கு அலுவலகத் தோழி ஒருவர் காபா மாத்திரையைச் சொன்னார். மூளையின் பதற்றத்தைத் தணிக்கும் வேதிப்பொருளே அதுதான் என்னும்போது, குறைவதை வெளியிலிருந்து ஈடுசெய்வது முறைதானே? மூன்று வாரமாக இரவு உணவுக்குப் பின் ஒன்று எடுத்துக்கொள்கிறேன். படுத்த அரை மணி நேரத்தில் கண் அசந்துவிடுகிறது. இதை ஏமாற்று வணிகம் என்று இங்கே சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மருந்தாளுநர்:
உங்களுக்கு உறக்கம் வருவதை நான் மறுக்கவில்லை. அதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தைத்தான் மறுக்கிறேன். இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை காபா மிகக் குறைவாகவே கடக்கிறது என்பதே பழைய ஆய்வுகள் பலவற்றின் முடிவு. மூளை அதை வெளியிலிருந்து எதிர்பார்ப்பதும் இல்லை. நரம்பணுக்களைத் தூண்டிவிடுகிற குளூட்டமேட்டையே எடுத்து, வைட்டமின் பி6 துணையோடு ஒரு நொதி அங்கேயே காபாவாக மாற்றுகிறது. காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட்டை ஒருவர் அளவுக்கு மீறி விழுங்கிவிட்டால், பி6 செயலிழந்து, காபா வற்றி, வலிப்பு வருகிறது. அப்போது மருத்துவர் ஊசியில் ஏற்றுவது காபாவை அல்ல, பி6 வைட்டமினைத்தான்.

இளவெயினி:
மூளைக்குள் போகாவிட்டால்தான் என்ன? குடலிலும் நரம்பு வலை உண்டு, காபா வந்து ஒட்டும் ஏற்பிகள் அங்கும் உண்டு. 2011-இல் வெளியான ஆய்வொன்றில், அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் லாக்டோபேசில்லஸ் வகை நுண்ணுயிர் ஒன்றைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது, மூளையில் காபா ஏற்பிகளின் அமைவு மாறிப் பதற்றமும் குறைந்தது. குடலை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பைத் துண்டித்த எலிகளில் அந்தப் பலன் தென்படவில்லை. ஜப்பானில் மரபணுத் திருத்தம் செய்த, காபா மிகுந்த தக்காளியே 2021-இல் விற்பனைக்கு வந்துவிட்டது.

மருந்தாளுநர்:
அந்த எலிகள் உட்கொண்டது நுண்ணுயிரை. உங்கள் புட்டியில் இருப்பதை அல்ல. தக்காளி கடைக்கு வந்தது, அதை விற்கலாம் என்பதற்கு மட்டுமே சான்று.

குளத்தங்கரை:
இருவருமே 'அமைதி' என்ற சொல்லில் வழுக்குகிறீர்கள். காக்கைக்கொல்லி விதையை இடித்துக் குளத்தில் கரைத்தால், சற்று நேரத்தில் மீன்கள் நிலைதடுமாறி மேலே மிதக்கும். அதிலுள்ள பிக்ரோடாக்சின், நரம்பணுவில் காபா திறந்துவிடும் குளோரைடு வாயிலை அடைத்துவிடுகிறது. மனிதர் உண்டாலும் வலிப்புதான். அந்த வாயில் வழியே குளோரைடு அயனிகள் உள்ளே பாய்வதால்தான் நரம்பணு எளிதில் கிளர்ச்சியடையாமல் நிற்கிறது. இது வண்டியின் பிரேக் போன்றது, மன நிம்மதி அல்ல. நரம்பணுவுக்குள் குளோரைடு மிகுந்திருக்கும் வளர்ச்சியின் தொடக்க நிலையில் இதே காபா தூண்டவும் செய்கிறது என்றால், 'அமைதி வேதிப்பொருள்' என்ற விளம்பரப் பெயரை எங்கே வைப்பது? பதற்றத்துக்கு மருத்துவர் தரும் டயாசிபம் கூட காபாவைக் கொண்டுபோய்க் கொட்டுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் காபா அந்த வாயிலை அடிக்கடி திறக்க உதவுகிறது, அவ்வளவுதான்.

மருந்தாளுநர்:
ஒப்புக்கொள்கிறேன். இளவெயினி, இந்த மூன்று வாரத்தில் வேறு எதையாவது மாற்றினீர்களா?

இளவெயினி:
மாலைக் காப்பியை விட்டுவிட்டேன். மாத்திரையின் பலனைக் காப்பி கெடுத்துவிடும் என்று தோழி எச்சரித்திருந்தார்.

மருந்தாளுநர்:
அப்படியானால் காப்பியைத் தொடாமல், மாத்திரையை மட்டும் இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த உறக்க மாத்திரை எதுவும் இருந்தால், அதை மட்டும் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். திடீரென விட்டால் வலிப்பு வரக்கூடும்.