பட்டியலில் பெயர் இருப்பதால் செய்வது ஊழியமா?

மார்த்தாண்டம் சகோதரி:
எங்கள் சபையில் படுக்கையிலிருக்கும் முதியோரைச் சந்திக்கும் பட்டியலில் என் பெயரும் உள்ளது. அன்பினால் போகிறேனா, போகாவிட்டால் பெண்கள் ஐக்கியத்தில் என்ன நினைப்பார்கள் என்ற பயத்தால் போகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இதைத் தேவன் ஏற்பாரா?

நெய்யூர் அண்ணன்:
தங்கச்சி, கலாத்தியர் 5:13 சுயாதீனத்துக்கு அழைக்கப்பட்டவர்களிடம்தான் அன்பினாலே ஊழியம் செய்யச் சொல்கிறது. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். 1922 எவரெஸ்ட் பயணத்தை முடித்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த அறுவை மருத்துவர் சோமர்வெல், எங்கள் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நோயாளிகள் படும் பாட்டைக் கண்டு, லண்டனில் காத்திருந்த வாய்ப்பை விட்டுவிட்டுப் பல ஆண்டுகள் இங்கேயே உழைத்தார். கடமையோ பயமோ அல்ல, கண்ணால் கண்ட துன்பமே அவரை இங்கே தங்க வைத்தது என்று நான் நம்புகிறேன்.

குளச்சல் அக்கா:
நான் சற்று மாறுபடுகிறேன், தம்பி. அன்பு ஊறட்டும் என்று காத்திருந்தால் அந்த முதியவருக்குக் கஞ்சி கொடுப்பது யார்? 2 கொரிந்தியர் 9:7 கட்டாயமாய்க் கொடுக்க வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் கொடுப்பதையே நிறுத்தச் சொல்லவில்லை. தங்கச்சி, பட்டியலை விடாதீர்கள்; அவசரமாக ஜெபித்துவிட்டு எழுந்துவிடாமல், அவர்கள் பேசுவதைக் கேட்டு உட்கார்ந்திருங்கள். அவர்களுடைய பிள்ளைகளையும் பழைய கதைகளையும் அறிந்தபின், முறை இல்லாத நாளிலும் போகத் தோன்றும்.

மார்த்தாண்டம் சகோதரி:
நன்றி அக்கா. ஞாயிறு ஆராதனைக்குப் பின் அவசரமின்றிப் போகிறேன்.