தாமஸ் ரயிலை ஓட்டிப் பார்த்தவர்கள் உண்டா? எங்கள் வீட்டுக் கதை இது

வடசேரியிலிருந்து:

பையனுக்கு ஆறு வயது. நாகர்கோவில் ஜங்ஷனில் எந்த இன்ஜினைக் கண்டாலும் "இதுக்கு மூஞ்சி எங்கப்பா?" என்று கேட்கிற கட்டத்தில் இருக்கிறான். கதையிலும் டிவியிலும் வருகிற, மூஞ்சி வைத்த நீராவி இன்ஜின் தாமஸ்மேல் அவ்வளவு பைத்தியம். விடுமுறையில் அவனுக்காக ட்ரெய்ன்ஸ் என்கிற ரயில் ஓட்டும் விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். 2001இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் பிறந்த விளையாட்டு. தாமஸ் அதோடு கூடவே வருவதில்லை. ரசிகர்கள்தான் தாமஸ், அவன் கூட்டாளி இன்ஜின்கள் பெர்சி, ஜேம்ஸ், அவை ஓடுகிற கற்பனைத் தீவான சோடரின் ஸ்டேஷன்கள் என்று ஒவ்வொன்றாகச் செய்து, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

இதில் இரண்டு விதமாக ஓட்டலாம். ஒன்று பொம்மை ரயில் மாதிரி, ஒரே ஒரு குமிழ். ஒரு பக்கம் திருப்பினால் முன்னால் போகும், மறுபக்கம் திருப்பினால் பின்னால். பையன் ஐந்து நிமிடத்தில் தேறிவிட்டான். இன்னொன்று நிஜ இன்ஜின் போல. கரி அள்ளிப் போட வேண்டும், பாய்லரில் தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும், நீராவியைத் திறந்து மூடுகிற ரெகுலேட்டர், முன்னால் பின்னால் மாற்றுகிற ரிவர்சர், பிரேக் எல்லாம் தனித்தனி. அப்பா என்கிற கெத்தில் நான் இரண்டாவதை எடுத்தேன்.

ஆனி, கிளாரபெல் என்று தாமஸுக்கு இரண்டு பெட்டிகள். அவற்றை மாட்டப் பின்னால் போய் நிறுத்தி, விசில் ஊதிக் கிளம்பினேன். வண்டி என்ன லேசாகப் போகிறது! நமக்குக் கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஸ்டேஷனில் நிறுத்திக் கேமராவைத் திருப்பினால் பின்னால் ஒன்றுமே இல்லை. பெட்டிகளுக்கு ஒரு முழம் முன்னாலேயே நிறுத்திவிட்டு, மாட்டியாயிற்று என்று கிளம்பியிருக்கிறேன்.

பையனுக்கு ஒரே கொண்டாட்டம். "அப்பா, கதையிலயும் தாமஸ் இப்படித்தான் பெட்டிய விட்டுட்டுப் போவான்!" அவன் சொன்னது சரிதான். வில்பர்ட் ஆட்ரி என்ற பாதிரியார், மணல்வாரி கண்டு படுத்திருந்த மகனுக்குச் சொன்ன கதைகளில் தொடங்கியது இந்த வரிசை. முதல் புத்தகம் 1945இல், தாமஸ் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு, டிவிக்குப் போனது 1984இல். அந்த மனிதர் ரயில் கிறுக்கர். இன்ஜினுக்கு மூக்கும் வாயும் வைத்தாரே தவிர, கொக்கி மாட்டாத பெட்டியை நகர விடவில்லை.

இதையெல்லாம் என் மாமனார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மீட்டர் கேஜ் நீராவி இன்ஜினில் ஃபயர்மேனாகக் கரி அள்ளத் தொடங்கி, டீசல், கரண்ட் என்று எல்லாம் ஓட்டி ஓய்வு பெற்றவர். "மாப்பிளே, கார்டு கொடி காட்டினாரா? பொறத்தால எட்டிப் பாத்தியளா?" என்று மட்டும் கேட்டார். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு அது எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முதல் தடவை அவராலும் நிறுத்த முடியவில்லை. பிளாட்பாரத்தைத் தாண்டி இரண்டு பெட்டி நீளம் போய்த்தான் நின்றது. பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவர் கோபப்படவில்லை. வெறும் தரையில் காலை ஊன்றி ஊன்றிப் பார்த்துவிட்டு, "இதுல கனம் தெரியல மாப்பிளே. நமக்கு வேகம் கண்ணுல இல்ல, கால்லயும் முதுகுலயும் தெரியும்" என்றார். பிறகு பையனுக்கு விளக்கினார். அந்தக் கால வேக்குவம் பிரேக்கில் குழாய்க்குள் காற்றை விட்டால்தான் பிரேக் பிடிக்கும். விடுவிக்க வேண்டுமென்றால் அந்தக் காற்றை மறுபடி உறிஞ்சி வெளியேற்ற வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். வண்டி நீளமாக இருந்தால் இன்னும் தாமதம். அதனால் முதலிலேயே கொஞ்சம் பிடித்து வைக்கணும், கடைசியில் அவசரப்படக் கூடாது. ஆறு வயசுப் பிள்ளைக்கு இது எவ்வளவு புரிந்ததோ! மூன்றாவது தடவை அவன் கையைப் பிடித்துக்கொண்டு "பைய, மக்கா, பைய... ரெகுலேட்டர மூடு... இப்பம் கொஞ்சம்" என்று சொல்லச் சொல்ல, தாமஸ் பிளாட்பார விளக்குக்கு நேராக வந்து நின்றது.

இந்த இன்ஜின் நிஜத்தில் உண்டா என்றும் கேட்டார். உண்டு. லண்டனுக்குத் தெற்கே ஓடிய ஒரு ரயில் கம்பெனியின் ஈ2 வகை. 1913 முதல் 1916 வரை பத்தே பத்து செய்தார்கள். ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் உடைத்துவிட்டார்கள். "பத்துமா?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

சுசீந்திரத்திலிருந்து:

நான் ஓட்டுவதைவிடப் பாதை போடுவதில்தான் மாட்டிக்கொண்டவன். அதே விளையாட்டில் தண்டவாளம், மலை, மரம் எல்லாம் நாமே வைக்கிற பகுதி ஒன்று உண்டு. அதில் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி வரை போட்டேன். தென்னையும் வயலும் சுலபம். மருந்துவாழ்மலை மட்டும் எத்தனை முறை செய்தாலும் கோவில் திருவிழாவுக்குக் கொட்டிய மணல் குவியல் மாதிரியே வருகிறது.

பாதை முடிந்ததும் மகளுக்காகத் தாமஸை அதில் இறக்கினேன். அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்: சக்கரம் தண்டவாளத்தில் இல்லை, அந்தரத்தில் சுற்றுகிறது! பார்த்தால், தாமஸ் ஓடுவது 1435 மில்லிமீட்டர் பாதையில். நம்முடைய அகலப்பாதை 1676. பக்கத்துக்கு 12 சென்டிமீட்டர் உள்ளே தள்ளிச் சக்கரம் காற்றில் போகிறது. விளையாட்டு அதைப் பொருட்படுத்தாமல் ஓட விடுகிறது, மகள் விடவில்லை. "அப்பா, விழுந்திருவான்" என்று அழுகை. அப்புறம் என்ன, ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து குறுகலான தண்டவாளத்தை மாற்றிப் போட்டேன். 1979இல் இந்தப் பாதையைத் திறந்தவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்களோ. இப்போது தாமஸ் கன்னியாகுமரி ஸ்டேஷனில் முட்டுக்கட்டை வரை போய், இதற்கு மேல் இந்தியா இல்லை என்று நின்றுகொள்கிறான்.

வடசேரி அண்ணனுக்கு ஒரு கேள்வி. திருநெல்வேலிப் பக்கம் போகிற சில வண்டிகளுக்கு ஜங்ஷனில் இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்களே, அதைப் பெரியவரிடம் கொடுத்துப் பார்த்தீர்களா?

மார்த்தாண்டத்திலிருந்து:

புதிதாக இறக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரசிகர்கள் செய்த இன்ஜினை இறக்கினால் அது தனியாக வேலை செய்யாது. சக்கரம் ஒருவர் செய்தது, விசில் சத்தம் இன்னொருவர், மூஞ்சி மூன்றாமவர் என்று துணைக் கோப்புகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒன்று விட்டுப்போனாலும் சள்ளைதான். என் மகன் கேட்டது பெர்சி; ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போராடி எனக்குக் கிடைத்தது மூஞ்சி இல்லாத பச்சை இன்ஜின். அவன் அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. அட்டையில் மூஞ்சி வரைந்து மானிட்டரில் ஒட்டச் சொன்னான். ஒட்டினேன். வண்டி நகர்ந்தது, மூஞ்சி நின்ற இடத்திலேயே நின்றது.

வடசேரியிலிருந்து, மீண்டும்:

சுசீந்திரம் தம்பிக்கு: கொடுத்துப் பார்த்தேன். கழற்றினார், பக்கத்துத் தண்டவாளம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து மறுமுனையில் மாட்டினார். ஒரு முறைகூடத் தவறவில்லை. என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து, "கொக்கி விழுந்துதா, சொல்லுங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தார்.

முந்தாநாள் சாயங்காலம் பையனும் அவருமாக, தாமஸ் கதையில் கார்டன் என்கிற பெரிய இன்ஜின் ஏற முடியாமல் நின்ற அந்த மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பாதி மேட்டில் கரண்ட் போய்விட்டது. வீடே இருட்டு. நான் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருக்கும்போது அறைக்குள்ளிருந்து மாமனாரின் குரல் கேட்டது: "மக்கா, ஹேண்ட் பிரேக் போட்டியா?"