இது என்ன பூச்செடி? இலை மஞ்சளாகிக்கொண்டே போகிறது, காப்பாற்ற வழி உண்டா?

சுவரோரம்:
வணக்கம். இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு செடி இருந்தது, முன்பு இருந்தவர்கள் வைத்துவிட்டுப் போனது. பெயர் தெரியவில்லை. தண்டு என்று ஒன்றுமே இல்லை, இலைகள் எல்லாம் தரையிலிருந்து நேராக வட்டமாகக் கிளம்புகின்றன. முள்ளங்கி இலை மாதிரி ஓரம் வெட்டுப்பட்டு நீளமாக இருக்கும், அடிப்பக்கம் தடவினால் மெல்லிய ரோமம் தட்டுப்படுகிறது. வந்த புதிதில் ஆரஞ்சு நிறத்தில் பெரிய பூ ஒன்று பூத்தது. அப்புறம் வந்த பூக்கள் எல்லாம் சிறுத்து, காம்பு வளைந்து, முழுதாக விரியாமலே கருகிவிட்டன. இப்போது இலைகளும் மஞ்சளாகின்றன. பகலில் தொங்கிப்போய், ராத்திரியில் கொஞ்சம் நிமிர்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். என்ன செடி இது? உரம் ஏதாவது போடட்டுமா? அருமையான நிறம், இதை இழக்க மனமில்லை.

வேர்க்கால்:
நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் ஜெர்பரா. பூக்காம்பில் எங்காவது இலை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஜெர்பராவின் காம்பு அடி முதல் நுனி வரை மொட்டையாக, ரோமத்தோடு இருக்கும், ஒரு காம்புக்கு ஒரு பூதான். கெய்லார்டியா, சாஸ்தா டெய்சி எல்லாம் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரிந்தாலும் அவற்றின் காம்பில் இலை ஏறியிருக்கும். ஜெர்பரா பல வருடம் இருக்கிற செடி, ஒரு பருவத்தோடு முடிந்துபோகிறது இல்லை, அதனால் இப்போதே கைவிட வேண்டாம்.

உரத்தைப் பற்றி யோசிக்கும் முன் இரண்டு விஷயம் சொல்லுங்கள். மஞ்சளாவது நடுவில் இருக்கிற புது இலையா, வெளிவட்டத்துப் பழைய இலையா? அடுத்தது, இலைகள் எல்லாம் சேருகிற அந்தத் தடித்த குருத்துப் பகுதி மண்ணுக்கு மேலே கண்ணுக்குத் தெரிகிறதா, அல்லது புதைந்து கிடக்கிறதா? விரலால் மெதுவாக மண்ணை விலக்கிப் பாருங்கள், கொத்த வேண்டாம்.

மாடிச்செடி:
எனக்கு இது வெறும் சத்துக் குறைவாகத்தான் தெரிகிறது. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக இருக்கிற 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து ஊற்றுங்கள், கூடவே எப்சம் உப்பு. நான் வைத்திருக்கிற எல்லாப் பூச்செடிக்கும் இதுதான், நன்றாகவே கேட்கிறது.

வேர்க்கால்:
மன்னிக்கவும், இந்த இடத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஈரம் இருக்கும்போதே செடி வாடினால் வேர் தண்ணீரை இழுக்கவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட வேருக்கு உப்பு உரம் ஊற்றுவது இருக்கிற கொஞ்சத்தையும் கருக்கிவிடும். எப்சம் உப்பும் மக்னீசியம் குறைந்தால்தான் பயன்படும், அந்தக் குறை முதலில் பழைய இலையில் தெரியும். அவர் இலையைப் பார்த்துச் சொல்லட்டும்.

சுவரோரம்:
பார்த்துவிட்டேன். காம்பில் இலையே இல்லை, ஆக ஜெர்பராதான். குருத்து நன்றாகவே புதைந்திருக்கிறது, மேல்மண்ணை ஒரு விரற்கடை விலக்கிய பிறகுதான் தெரிந்தது. சுற்றியிருந்த பழைய இலைக்காம்புகள் பழுப்பாகி, தொட்டால் வழுவழுவென்று கையோடு வந்துவிடுகின்றன. ஆனால் நடுவே அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்கிறது, நாற்றம் எதுவும் இல்லை. ஓரத்தில் தெரிந்த வேர் ஒன்றிரண்டு வெள்ளையாகவே இருக்கின்றன. மஞ்சளாவது அதிகமும் புது இலைதான், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது.

வேர்க்கால்:
நடு கெட்டியாக இருப்பது நல்ல செய்தி. அங்கே மெத்தென்று ஆகி, இழுத்தால் மொத்தச் செடியும் கையில் வந்திருந்தால் குருத்தழுகல் முற்றிவிட்டது என்று அர்த்தம், பைட்டாப்தோரா என்கிற பூஞ்சை போன்ற ஒன்று மண்ணில் இருந்து செய்கிற வேலை. அப்போது செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்திவிட்டு அதே இடத்தில் மறுபடி ஜெர்பரா வைக்காமல் இருப்பதுதான் வழி. உங்களுடையது அந்த நிலைக்குப் போகவில்லை.

ஜெர்பராவின் தாயகம் தென்னாப்பிரிக்கா, பார்பர்டன் ஊர்ப் பக்கம், அதனால் பார்பர்டன் டெய்சி என்றும் சொல்வார்கள். தண்ணீர் தேங்காமல் வடிகிற மண்ணில் இருந்து பழகிய செடி. குருத்து மண்ணுக்குள் போய், அதன்மேல் தினமும் தண்ணீரும் விழுந்தால் இலைக்காம்பில் தொடங்கி உள்ளே அழுகும். சரியாக நட்ட செடியே வருடக்கணக்கில் மண் சரிந்தும் உரம் போட்டும் மூடிப்போகும், அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

கடும் வெயிலும் அடைமழையும் இல்லாத ஒரு நாளாகப் பார்த்துச் சாயங்காலத்தில் செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளிக் குத்தி, மண்ணோடு முழுதாகத் தூக்குங்கள். பழுப்பான காம்புகளைப் பக்கவாட்டில் முறுக்கி இழுத்தால் அடியோடு வரும். கத்தரித்தால் அடிக்கட்டை நின்று, அழுகல் அதிலிருந்தே திரும்ப ஆரம்பிக்கும். கறுத்த வேரை எடுத்துவிடுங்கள், வெள்ளை வேரைத் தொடவே வேண்டாம். குருத்து இரண்டு மூன்றாகப் பிரிந்திருந்தால் சுத்தமான கத்தியால் பிரித்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொன்றிலும் நல்ல வேரும் நாலைந்து இலையும் இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த முறை பிரிக்காமல் முழுதாகவே நடுங்கள்.

நடும்போது குருத்து மண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கட்டும். தண்ணீர் ஊற்றினால் மண் அமுங்கும், செடியும் ஒரு நூல் கீழே இறங்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க ஆடிக்கொண்டு நிற்பது போலத் தோன்றும், மண்ணை அள்ளிக் கழுத்து வரை அணைக்கக் கை பரபரக்கும். அணைக்காதீர்கள். புது வேர் பிடித்ததும் தானாக நின்றுகொள்ளும்.

தண்ணீர் காலையில், குருத்தில் படாமல் ஓரமாக. மேல்மண் காய்ந்த பிறகு அடுத்தது, தினமும் வேண்டாம்.

கல்வாழை:
சுவரை ஒட்டி என்று சொன்னீர்கள், அது சிமெண்டுப் பூச்சுச் சுவரா? அப்படியென்றால் புது இலை மஞ்சளாவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து சுவரோர மண் காரமாகிவிடும். ஜெர்பராவுக்கு மண்ணின் அமில-கார அளவு, அதாவது பி.எச், 5.5 முதல் 6.5 வரை இருந்தால்தான் வசதி, அதற்கு மேலே போகப்போக மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு பச்சை, இடையில் மஞ்சள், அதுவும் புது இலையில் என்றால் இரும்புக் குறைதான். வேர் கெட்டிருந்தாலும் இதே அறிகுறி வரும், அதனால் முதலில் வேர்க்கால் சொன்னதைச் செய்யுங்கள்.

தூக்குகிறபோதே இடத்தையும் மாற்றிவிடுங்கள், காலை வெயில் நன்றாக விழுந்து, பிற்பகலில் நிழல் கிடைக்கிற இடமாக. தொட்டி என்றால் அடியில் துளை அவசியம், மண்ணோடு கோகோபீட்டும் கொஞ்சம் ஆற்று மணலும் கலக்கலாம். புதிதாக வருகிற இலையும் மஞ்சளாகவே வந்தால் அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்து இலையில் தெளியுங்கள், வெயில் தாழ்ந்த பிறகு. முதல் நாள் ஒரே ஒரு இலையில் தெளித்துப் பார்த்து, அது கருகாவிட்டால் மற்றதற்கு. வேர் எளிதில் எடுக்கும்படி செய்த கீலேட் இரும்பு வாங்குகிறதாக இருந்தால் கார மண்ணுக்கு இ.டி.டி.எச்.ஏ வகையைக் கேளுங்கள், இ.டி.டி.ஏ வகை அந்த மண்ணில் நிற்காது.

மாடிச்செடி:
சரி, வேர் பக்கம் நான் யோசிக்கவில்லை. அப்படியென்றால் உரம் எப்போதுதான் ஆரம்பிப்பது?

வேர்க்கால்:
நடுவிலிருந்து இரண்டு மூன்று புது இலை நல்ல பச்சையாக வந்த பிறகு. அப்போது நீங்கள் சொன்ன 19:19:19 தாராளமாகக் கொடுக்கலாம், பாதி அளவில் தொடங்கி. மொட்டு வைக்கத் தொடங்கியதும் சாம்பல்சத்து கூடுதலாக இருக்கிற உரத்துக்கு மாறுவது நல்லது, தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் பெருக்கும். புது இலை மஞ்சளாக இல்லாமல் சுருண்டு, தடித்து, கோணலாக வந்தால் அது வேறு விஷயம், சிலந்திப்பேன் வேலை. அப்படி வந்தால் படம் போடுங்கள்.

சுவரோரம்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. சிமெண்டுச் சுவர்தான், வெள்ளையாகப் பூத்துக்கூட இருக்கிறது. இந்த வாரமே எடுத்து வாசல்பக்கம் மாற்றிவிடுகிறேன். கடைசியாக ஒன்று, நடுவில் சின்னதாக ஒரு மொட்டு தலைகாட்டுகிறது. அதை விடலாமா?

கல்வாழை:
எடுத்துவிடுங்கள், மனசு கேட்காதுதான். இருக்கிற தெம்பெல்லாம் இப்போது வேருக்குப் போக வேண்டும். அதையும் வெட்டாமல் அடியைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி இழுங்கள்.