அமல் கார்புரேட்டர்: இன்ஜின் நிற்கும்போது லெவல் சரி, ஐடிலில் பெட்ரோல் வழிகிறது

வண்டி 1970 மாடல், பிரிட்டிஷ் 650 சிசி இரட்டை சிலிண்டர். ஒற்றை கார்புரேட்டர்தான், அமல் கான்சென்ட்ரிக் 930. இன்ஜின் சூடேறி ஐடிலில் நின்றால் டிக்ளர் (ஸ்டார்ட் செய்யுமுன் மிதவையை அழுத்திவிடும் பொத்தான்) ஓட்டை வழியாகப் பெட்ரோல் கசிகிறது. பவுல் (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணம்) கேஸ்கெட் ஓரம் காய்ந்தே இருக்கிறது. சில வாரங்களாக இதே தொல்லை. ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கிறது. ஆனால் பாதி ஆக்சிலேட்டரில் வண்டி அருமையாக இழுக்கிறது.

பழைய பிளாஸ்டிக் மிதவையை எடுத்துவிட்டு, நாக்கை வளைத்து லெவல் வைக்கும் புது மிதவை போட்டேன். மிதவை ஏறும்போது பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடிலும் புதுசு, நுனியில் ரப்பர் வைத்த அலுமினிய வகை. டேங்க் ஃபில்டர், பெட்ரோல் டேப் எல்லாம் சுத்தம்.

அப்புறம் பவுலின் அடியில் உள்ள வடிகால் பிளக் இடத்தில் கண்ணாடி போன்ற குழாய் மாட்டி மட்டம் பார்த்தேன். பவுல் விளிம்புக்கு 5 மி.மீ. கீழே நிற்கிறது. 0.21 அங்குலம் என்ற அளவுக்கு ஏறக்குறைய சரி. டேப்பைத் திறந்தே இரவு முழுக்க விட்டாலும் ஏறவில்லை. ஐடிலில் மட்டும் குழாய்க்குள் பெட்ரோல் நடுங்கி நடுங்கி மேலே ஏறுகிறது. ஆக்சிலேட்டரைத் திருகினால் இறங்கிவிடுகிறது.

லென்ஸ் வைத்துப் பார்த்தால், நீடில் உட்காரும் பித்தளை சீட்டின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய பளபளப்பு. அந்த சீட் பவுலுக்குள் இறுக்கி அடித்தது, சூடாக்கினால்தான் அசையும் என்பதால் இன்னும் தொடவில்லை. கார்புரேட்டர் நேராக ஹெட்டோடு இறுகியிருக்கிறது, நடுவில் ரப்பர் கிடையாது.

ஐடில் அதிர்வில் நீடில் துள்ளி இப்படி மட்டம் ஏறியதை யாராவது சரிசெய்திருந்தால், எதை மாற்றியபோது கசிவு நின்றது?