ஓவர்கமிட்: 'மிகை ஒதுக்கீடு' வேண்டாம், 'மிகைப்பங்கீடு' என்று வைப்போம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தனிமேகக் (பிரைவேட் கிளவுட்) கையேட்டில், ஒரே கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கி ஓட்டும் மெய்நிகர் கணினிகளுக்கு சிபியு, ராம் போன்ற வளம் பிரித்துக் கொடுக்கும் இயலைப் பற்றி இந்த இழையில் பேசி வருகிறோம். பாலம் (பிரிட்ஜ்), துணைப்பிணையம் (சப்நெட்), திசைவி (ரவுட்டர்) ஆகியவற்றில் யாருக்கும் மறுப்பில்லை. இருப்பதற்கு மேல் வளத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஓவர்கமிட்டுக்கான சொல்லில்தான் நிற்கிறோம்.

> மிகை ஒதுக்கீடு என்றே இருக்கட்டுமே. ஒதுக்கீடு எல்லோருக்கும் தெரிந்த சொல்.

ஐயா, தெரிந்த சொல்தான். ஆனால் மக்களுக்கு அது எந்தப் பொருளில் தெரிந்திருக்கிறது என்று பாருங்கள். இட ஒதுக்கீடு, நிதி ஒதுக்கீடு, ரயிலில் ஒதுக்கப்பட்ட இருக்கை. ஒதுக்கிவிட்டால் அது ஒருவருக்கென்று தனியாக எடுத்து வைத்தது, அடுத்தவர் தொட முடியாது. ஓவர்கமிட்டில் யாருக்கும் எதையும் எடுத்து வைப்பதே கிடையாது. 'உனக்கு 4 ஜிபி' என்று பத்துக் கணினிகளிடம் சொல்லிவிட்டு, எல்லாம் ஒரே நேரத்தில் கேட்காது என்ற நம்பிக்கையில் ஓட்டுகிறோம்.

தனிமேகம் அமைக்க உதவும் ஓப்பன்ஸ்டாக் மென்பொருளில், மெய்நிகர் கணினிகளைக் கவனிக்கும் நோவா என்ற பகுதியின் அமைப்புக் கோப்பைத் திறந்தால் சிக்கல் இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஹோஸ்ட், அதாவது மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் உண்மைக் கணினி, தன் சொந்தத் தேவைக்காகப் பிடித்து வைத்துக்கொள்ளும் ராம், முன்னிருப்பாக 512 எம்பி. அடுத்தது, இருப்பதைப் போல எத்தனை மடங்கு கொடுக்கலாம் என்னும் விகிதம். நெடுங்காலம் முன்னிருப்பாக இருந்தது சிபியுவுக்கு 16, ராமுக்கு 1.5. மூன்றாவது, ஒரு திட்டக்குழு இவ்வளவுக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற கோட்டா. இப்போதைய வரைவில் இந்த மூன்றுக்குமே 'ஒதுக்கீடு' வந்திருக்கிறது. 64 ஜிபி ராம் உள்ள ஹோஸ்டில் முதலில் 512 எம்பியைக் கழித்து, மீதியை 1.5 ஆல் பெருக்கினால் சுமார் 95 ஜிபி வரும். மெய்நிகர் கணினிகளுக்குக் கொடுக்கக் கூடியது அவ்வளவு. இந்தக் கணக்கை வரைவில் உள்ளபடி 'ஒதுக்கீட்டைக் கழித்து ஒதுக்கீட்டு விகிதத்தால் பெருக்கி ஒதுக்கீட்டு வரம்புக்குள்' என்று படிக்கும் டிப்ளமோ மாணவர் என்ன செய்வார்? வேலூரில் நான் பாடம் எடுக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்கு இந்தக் கையேடு உண்மையிலேயே தேவைப்படுகிறது.

ஆகவே என் முன்மொழிவு இது. எடுத்து வைப்பதற்கு மட்டும் ஒதுக்கீடு. பிரித்துக் கொடுப்பதற்குப் பங்கீடு. இருப்பதற்கு மேல் பிரித்துக் கொடுத்தால் மிகைப்பங்கீடு. கோட்டாவுக்கு உச்சவரம்பு. நில உச்சவரம்புச் சட்டத்தால் அந்தச் சொல் கிராமத்தில்கூடப் புழக்கத்தில் இருக்கிறது, பொருளும் அப்படியே பொருந்துகிறது.

> இல்லாததை எப்படிப் பங்கிட முடியும்? பங்கீடு என்றாலே இருப்பதைப் பிரிப்பதுதானே?

நல்ல கேள்வி, அம்மா. எங்கள் வட ஆற்காட்டு ஏரிப்பாசனத்தை எடுத்துக்கொள்வோம். பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே நிரம்பும் காவேரிப்பாக்கம் ஏரி போன்றவற்றில் ஒவ்வொரு ஏரிக்கும் இவ்வளவு ஆயக்கட்டு என்று உண்டு. ஆயக்கட்டு நிலம் அத்தனைக்கும் தண்ணீரில் பங்கு உண்டு. அதற்காக எந்த நாளும் எல்லா வயலுக்கும் ஒரே சமயத்தில் பாயும் அளவுக்கு மதகில் தண்ணீர் வராது. முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். பங்கு என்பது அங்கே கையில் உள்ள தண்ணீர் இல்லை, முறை வந்தால் கிடைக்கும் உரிமை. மழை பொய்த்த ஆண்டிலும் அந்த உரிமை அப்படியேதான் இருக்கும், தண்ணீர்தான் கடைமடைக்குப் போய்ச் சேராது. மெய்நிகர் சிபியுவும் இதே கதைதான். 16 கோர் உள்ள ஹோஸ்டில் 16 மடங்கு என்றால் 256 மெய்நிகர் சிபியுக்களைக் கொடுக்கலாம். ஒவ்வொன்றும் ஹோஸ்டுக்கு ஓர் இழை (த்ரெட்) மட்டுமே, முறை வரும்போது கோர் கிடைக்கும்.

ராமுக்கு இது அப்படியே ஒத்துவராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிபியு போதாமல் போனால் எல்லாம் மெதுவாகும், அவ்வளவுதான். ராம் போதாமல் போனால் முறை வைக்க வழியில்லை. ஹோஸ்ட் ஒரே உள்ளடக்கம் உள்ள நினைவகப் பக்கங்களை ஒன்றாக்கிப் பார்க்கும், வட்டிலுள்ள ஸ்வாப்புக்குத் தள்ளும், அதுவும் தீர்ந்தால் ஹோஸ்டின் கெர்னல் ஏதாவது ஒரு செயலை (ப்ராசஸ்) கொன்றுவிடும். அந்தச் செயல் பெரும்பாலும் ஒரு முழு மெய்நிகர் கணினியாக இருக்கும். உள்ளே இருப்பவருக்கு எந்த எச்சரிக்கையும் வராது. இதனால் இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டுமா என்று ஒரு தோழர் கேட்டிருந்தார். வேண்டாம் என்பதே என் கருத்து. செய்யும் காரியம் ஒன்று, விளைவுதான் வேறு. விளைவை இயலுக்குள் விளக்குவோம். ராமில் பங்கீட்டு விகிதத்தை 1 க்கு மேல் வைக்காதீர்கள் என்ற அறிவுரையையும் தடித்த எழுத்தில் போடுவோம், குறைந்தது ஆய்வகங்களுக்காவது.

அப்புறம், பிணையம். சொல் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு ஹோஸ்டின் 1 கிகாபிட் அட்டையை இருபது மெய்நிகர் கணினிகள் ஒரு பாலம் வழியாகப் பயன்படுத்துகின்றன. விண்டோஸ் போட்ட கணினிக்குள் பார்த்தால் விர்ட்டியோ என்னும் மெய்நிகர் பிணைய அட்டை 10 கிகாபிட் என்று காட்டும். இது மிகைப்பங்கீடு. ஐபி முகவரியில் அந்த வேலை நடக்காது. 24 பிட் முன்னொட்டு உள்ள துணைப்பிணையத்தில் 254 முகவரிகள்தான். ஒரே முகவரியை இரண்டு கணினிக்குக் கொடுத்தால் அதற்குப் பெயர் முகவரி மோதல். ஒரே பிணையத்தைத் தனித்தனிப் பிணையங்களாகப் பிரிக்கும் விலான் எண்ணும் அப்படியே: 12 பிட்டில் 4096 எண்கள், 0 மற்றும் 4095 ஒதுக்கப்பட்டவை, மீதி 4094. இங்கே 'ஒதுக்கப்பட்டவை' எவ்வளவு இயல்பாக வந்து உட்காருகிறது பாருங்கள். அது போதாமல்தான் விஎக்ஸ்லான் 24 பிட்டுக்குப் போனது, ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கும் மேல்.

வட்டு இயலில் தின் ப்ரொவிஷனிங் என்பதற்கு வந்த 'மெலிந்த ஒதுக்கீடு' எனக்குப் பிடிக்கவில்லை. படிப்பவர் எதையோ சிக்கனப்படுத்துகிறார்கள் என்று நினைப்பார். மெய்நிகர் வட்டாகப் பயன்படும் கியூகவ்2 கோப்பு எழுத எழுத வளர்கிறது, 'வளர்வட்டு' என்றாலே போதும்.

> டாப் கட்டளையில் வரும் ஸ்டீல் டைம்: திருட்டு நேரம்?

தயவுசெய்து வேண்டாம். யாரும் எதையும் திருடவில்லை. ஓடத் தயாராக இருக்கும் மெய்நிகர் சிபியு, கோர் வேறொருவரிடம் இருப்பதால் காத்துக்கொண்டிருந்த நேரம் அது. வெறும் 'காத்திருப்பு' என்றால் வட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தோடு குழம்பும். இரண்டும் அதே வரியில்தான் வருகின்றன. 'முறைக்காத்திருப்பு' என்று வைக்கலாம். ஏரிக்கரை ஊர்ப்பிள்ளைகளுக்கு முறை என்றால் தனியாக விளக்கத் தேவையில்லை. மிகைப்பங்கீடு கூடினால் முறைக்காத்திருப்பு கூடும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம், அந்த வாக்கியம் தொழில்நுட்ப ரீதியாகவும் சரி.

லினக்ஸ் கெர்னலின் நினைவகக் கொள்கையிலும் இதே ஓவர்கமிட் வருகிறது. 0, 1, 2 என்று மூன்று நிலைகள். 'நிலை 2: மிகைப்பங்கீடு கூடாது' என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை.

மறுப்பு இருப்பவர்கள் சொல்லை மட்டும் சொல்லாமல், மேலே உள்ள 64 ஜிபி கணக்கை உங்கள் சொற்களில் முழு வாக்கியமாக எழுதி அனுப்புங்கள். பலூனிங் (மெய்நிகர் கணினியிடமிருந்து ராமைத் திரும்ப வாங்குவது), ஹோஸ்ட் என்ற இரண்டு சொற்களுக்கும் தனி இழை தொடங்குகிறேன்.