தினமும் தேதி மாறும் கடைக் கணினி: என்ன செய்யலாம்?

கேள்வி:
எங்கள் கடையில் பில் போடும் பழைய கணினியைத் தினமும் காலையில் போடும்போது தேதி 2015-க்குப் போய்விடுகிறது. வங்கித் தளமோ 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்கிறது. மின்தடைக்குப் பிறகு வட்டை (ஹார்ட் டிஸ்க்) சோதிக்கும் திரையிலேயே நெடுநேரம் நிற்கிறது. புதிய கணினி வாங்கத்தான் வேண்டுமா?

மறுமொழி 1:
வேண்டாம் ஐயா. இரவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டால், கடிகாரத்தை ஓட வைப்பது மதர்போர்டில் (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகை) உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரிதான். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு என்பதால், அந்த வரம்புக்கு வெளியே உங்கள் தேதி இருக்கும்போது பிரவுசர் மறுக்கிறது. பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, கூட்டல் குறி மேலே தெரியும்படி புதிய பேட்டரியைப் பொருத்தி, பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) தேதியைச் சரிசெய்யுங்கள்.

மறுமொழி 2:
பேட்டரியைவிட எனக்கு வட்டுதான் கவலையளிக்கிறது. எந்தச் சோதனைக்கும் முன்பு பில் கணக்குகளை வெளி டிரைவில் நகலெடுத்துவிடுங்கள், ஏனெனில் பழுதடைந்து வரும் வட்டில் நீண்ட சோதனையே கடைசி அடியாகிவிடலாம். சோதனையில் கெட்ட செக்டர்கள் (வட்டில் படிக்க முடியாமல் போன பகுதிகள்) தெரிந்தால், வட்டை மாற்றி எஸ்எஸ்டி (சுழலும் வட்டு இல்லாத சேமிப்பகம்) போடுங்கள்.

மறுமொழி 3:
யுபிஎஸ் (மின்தடையின்போது சற்று நேரம் மின்சாரம் தரும் கருவி) ஒன்றும் அவசியம், வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்புகள் சிதையலாம். பெட்டியைத் திறக்கும்போதே விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷால் தூசியைத் தட்டிவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. இன்று கடை மூடியதும் முதலில் கணக்குகளை நகலெடுக்கிறேன்.