துண்டுத் துணி குவில்ட்: அடுக்குகள் நகராமல் தைக்க வழி கேட்கிறேன்

அனைவருக்கும் வணக்கம். உடைகள் தைத்து மிஞ்சிய பருத்தித் துண்டுகளை இணைத்து, டம்ளர் வைக்கும் சிறு விரிப்புகளையும் சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணிகளையும் குவில்ட் முறையில் தைத்து வருகிறேன். மேல்துணி, நடுவே பேட்டிங் (பஞ்சு போன்ற மெத்தென்ற அடுக்கு), அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது, மெஷினின் பற்கள் அடித்துணியை மட்டும் வேகமாக நகர்த்துவதால் மேல்துணி பின்தங்கிச் சுருக்கம் விழுந்து, சதுரம் கோணலாகிவிடுகிறது. இவ்வளவு சிறிய பொருளுக்கு வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் அடித்துணியோடு சேர்த்து நகர்த்தும் மெஷின் பாதம்) வாங்குவது அவசியமா, அல்லது நெருக்கமாகக் கைத்தையல் ஓட்டி அடுக்குகளை முதலில் பிடித்துக்கொண்டால் போதுமா?

அதைவிடத் தொல்லை தருபவை, இழைக்குச் சாய்வாக வெட்டப்பட்ட துண்டுகள். கால் அங்குலத் தையல் இடம் விட்டு எவ்வளவு கவனமாக இணைத்தாலும் அவற்றின் ஓரம் இழுபட்டு நீண்டுவிடுகிறது. கஞ்சி போட்டுத் தேய்த்த பின் வெட்டுவது, மெல்லிய தாளை அடியில் வைத்துத் தைத்துப் பிறகு கிழித்தெடுப்பது ஆகிய இரண்டில் எது உங்களுக்குக் கைகொடுத்தது? தாள் முறையில் தையலைப் பொடியாக வைத்தால் கிழிப்பது எளிது என்றாலும், பிரிக்க நேர்ந்தால் பெரும்பாடு என்பதால் தயங்குகிறேன்.

பாலியஸ்டர் சூட்டில் உருகும் என்பதால் பிடிதுணிக்குள் பருத்தி பேட்டிங்கையே வைக்கிறேன். அதற்குப் பதிலாகப் பழைய பருத்தித் துவாலையை மடித்து வைப்பவர்கள் இருந்தால், எத்தனை மடிப்பு வரை சாதாரண ஊசி தாங்கும் என்பதையும், மூலைகளில் ஓரப்பட்டை தடிக்காமல் மடிக்கும் விதத்தையும் தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.